ஈசலும் பொய்ப்பூச்சியும்: வேங்கடத்து அடிவாரத்தில் ஒரு தூண்டில் வரலாறு

சித்தூர், திருப்பதிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஈசலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கோடை முடிந்து முதல் நல்ல மழை மண்ணை நனைத்த சாயங்காலம், புற்றுக்கண் திறந்து ஆயிரக்கணக்கில் கிளம்பும். தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்ச நேரத்தில் இறக்கை உதிர்ந்து தரையெல்லாம் செதில் செதிலாகக் கிடக்கும். தமிழ் வீட்டில் ஈசல், பக்கத்துத் தெலுங்கு வீட்டில் உசிள்ளு. புற்றருகே விளக்கு வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் அங்கே உண்டு. ஏரிக்கரையில் குடியிருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஈசல் பறக்கும் அன்று மீன் மேலே வரும்.

அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு கலையையே கட்டிவிட்டார்கள். அதுதான் ஃப்ளை ஃபிஷிங். அமெரிக்காவில் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் இந்தப் பைத்தியம் பிடித்த ஒருவராவது பக்கத்து இருக்கையில் இருப்பார். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 'ஃப்ளை' என்பது நிஜ ஈ அல்ல. தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, முயல் ரோமம் எல்லாம் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது என்பதால் தூண்டில் கயிற்றையே கனமாகச் செய்து, சாட்டை வீசுவது போல வீசுவார்கள். பொய்ப்பூச்சி பூ மாதிரி தண்ணீரில் இறங்கும். மீன் நம்பினால் மாட்டும்.

மீன் நம்ப வேண்டுமென்றால், அன்றைக்கு அந்த ஓடையில் எந்தப் பூச்சி பறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த ஆசாமிகள் தூண்டிலை எடுக்கும் முன் ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள். பாலத்துச் சிலந்தி வலையில் நேற்று ராத்திரி என்ன சிக்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வீட்டு வாசல் விளக்கடியில் குனிந்து தேடுவார்கள். மீன் பிடிப்பதில் பாதி வேலை பூச்சி பார்ப்பதுதான்.

சரி, இவ்வளவு பூச்சியும் இவ்வளவு மீனும் இருந்த நம்மூரில் இந்தக் கலை ஏன் வரவில்லை? நம்மவர்கள் பூச்சியைப் பார்க்கவே இல்லையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கிறது. வாருங்கள், போவோம்.

பொய்ப்பூச்சி பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பு கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானியருடையது. எழுதியது கிரேக்க மொழியில். மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆறு. அதில் புள்ளி போட்ட மீன்கள். அவை ஆற்றின் மேல் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பித் தின்னும். அந்த ஈயையே பிடித்து முள்ளில் குத்தலாமே என்றால் முடியாது. மனிதன் கை பட்டால் அதன் நிறம் மங்கி, இறக்கை வாடிவிடும். ஆகவே மீனவர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டிவிட்டார்களாம். கம்பளியும் சேவல் இறகும்! பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்தும் பொய்ப்பூச்சி கட்டுபவர்களின் பெட்டியில் இந்த இரண்டும் இருக்கின்றன.

ஏறக்குறைய அதே காலகட்டத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது வேங்கடத்தை, அதாவது இன்றைய திருமலையை. அதன் அடிவாரத்திலிருந்து தெற்கே விரிவது தொண்டை நாடு. அந்த நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் தூண்டில் போடுபவர்கள் வரும் இடம் ஒன்று இருக்கிறது. வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு, வெறும் இரும்பு முள்ளை விட்டுவிட்டுத் தப்பிக்கிறது. அதற்கப்புறம் தண்ணீரோரம் நிற்கும் பிரம்பின் நிழல் நீரில் ஆடினாலே, தூண்டில் கோலோ என்று அஞ்சுகிறது.

ஃப்ளை ஃபிஷிங்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து நின்று கும்பிடுவார்கள் :-) ஒருமுறை ஏமாந்த மீன் அடுத்த முறை நிழலைக்கூட நம்பாது என்பது அவர்கள் வேதத்தில் முதல் பாடம். கரையில் நிற்பவனின் நிழல் நீரில் விழக்கூடாது என்பது இரண்டாவது. இரண்டும் தொண்டை நாட்டுப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

பூச்சியும் தப்பவில்லை. புறநானூறு 119-இல் கபிலர், பாரியின் பறம்பு நாட்டை நினைத்து ஏங்கும்போது, மழைக்காலத்தில் செம்புற்றிலிருந்து வரும் ஈயலையும் மோரையும் சேர்த்துச் செய்த புளிப்பான உணவைச் சொல்கிறார். ஈயல்தான் நம் ஈசல். அகநானூறு 394-இலும் வரகரிசி, ஆட்டுத்தயிர், புற்றீசல் சேர்ந்த சோறு வருகிறது. எந்த மழைக்குப் பிறகு, எந்தப் புற்றிலிருந்து என்று கவனித்திருந்தால்தான் இப்படி எழுத முடியும். ஆக, மீனைப் பார்த்தோம், பூச்சியையும் பார்த்தோம், இரண்டையும் எழுதியும் வைத்தோம். இரண்டையும் ஒரு முள்ளில் கட்டவில்லை, அவ்வளவுதான்.

கட்டாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ட்ரவுட் மீன் வாழும் ஓடை குளிர்ந்தது, தெளிந்தது, எப்போதும் ஓடுவது. மீன் கண்ணால் பார்த்து இரையைப் பிடிக்கிறது. கண்ணால் பார்ப்பவனைத்தான் பொய் உருவத்தைக் காட்டி ஏமாற்ற முடியும். நம் ஏரிகளோ மழைக்கு நிரம்பும் கலங்கல் தண்ணீர். கெளுத்தி மீசையால் தடவி, மோப்பத்தால் தேடுகிறது. கெண்டை வகையில் பல அடியில் மேய்கின்றன. விராலுக்கு உயிருள்ள சிறு மீனும் தவளையும் வேண்டும். இவர்களுக்கு மண்புழுவும் மாவுருண்டையும் போதும்போது இறகைச் சுற்றிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? மேலும் நம்மவர்கள் மீன் பிடித்தது குழம்புக்கு. வலை இருக்கிறது, ஊத்தா இருக்கிறது, பொறி இருக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் கணவனை எந்தத் தமிழ்ப் பெண்மணி உள்ளே விடுவாள்?

இங்கிலாந்தில் கதை வேறு திசையில் போயிற்று. 1496-இல் அச்சான ஒரு தூண்டில் கையேடு எந்தெந்த மாதத்துக்கு எந்தெந்தப் பொய்ப்பூச்சி என்று பன்னிரண்டைச் சொன்னது. ஆனால் பூச்சியியலையும் தூண்டிலையும் ஒழுங்காக ஒரே புத்தகத்தில் சேர்த்தவர் ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ். அவருடைய 'ஃப்ளை ஃபிஷர்ஸ் என்டமாலஜி' 1836-இல் வந்தது. நிஜப் பூச்சியின் வண்ணப்படம், அருகிலேயே அதைப் போலக் கட்டிய பொய்ப்பூச்சியின் படம். மனிதர் சும்மா எழுதவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின் மேல் எண்கோண வடிவில் குடிசை ஒன்று கட்டி, அதற்குள் உட்கார்ந்து ட்ரவுட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செத்த வீட்டு ஈக்களைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். சில ஈக்களில் கடுகும் மிளகாய்த்தூளும் தடவி விட்டார், மீனுக்கு ருசி தெரிகிறதா என்று. மீன்கள் அதையும் தின்றன. (நாம் மிளகாய்த்தூளை மீன் மேல் தடவுகிறோம், அவர் மீனுக்கே ஊட்டினார்!)

ரொனால்ட்ஸ் புத்தகம் வந்த அதே 1836-இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவர். நம் கதைக்கு முக்கியமானவர். பிற்பாடு நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தார். இன்றைய திருப்பதி மாவட்டத்துக்கு நெல்லூர் பக்கத்து வீடு. அன்றைக்குச் சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. சித்தூர்தான் அதன் தலைநகர். தனிச் சித்தூர் மாவட்டம் 1911-இல் வந்தது, திருப்பதி மாவட்டம் 2022-இல் பிரிந்தது.

ஜெர்டன் பறவைகளுக்குப் பெயர் போனவர். ஆனால் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1840-களின் கடைசியில் எழுதினார். 1851-இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலையும் வெளியிட்டார். காலடியில் ஓடும் எறும்பைக் குனிந்து பார்த்து, கடிபட்டு, எழுதி வைத்தவர். துள்ளிப் பாய்ந்து இரை பிடிக்கும் எறும்பு ஒன்றுக்கு 'சால்டேட்டர்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் ஆட்டக்காரன் என்று பொருள். ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்ற அந்த எறும்பின் மரபணுத் தொகுதி 2010-இல் முழுதாகப் படிக்கப்பட்டது. மூப்பு, மூளை பற்றிய ஆராய்ச்சிக்காக அமெரிக்க ஆய்வகங்களில் இப்போது அதைச் செல்லமாக வளர்க்கிறார்கள். நம்மூர்க்காரன் நமக்கு முன்னாலேயே இங்கே வந்து செட்டிலாகிவிட்டான்!

ஜெர்டனுக்குக் காட்டுயிர்களைப் பற்றிச் சொல்லித் தந்தவர்களில் நெல்லூர்ப் பக்கத்து யானாதி மக்களும் உண்டு. நெல்லூர், சித்தூர் வட்டாரங்களில் மீனும் வயல் எலியும் பிடித்து வாழ்ந்த பழங்குடியினர். எந்தப் புல்லில் எது ஒளிந்திருக்கும், எந்தத் தண்ணீரில் எது எப்போது எழும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு. அவர்கள் பார்த்ததில் துரை கேட்டு எழுதிய பகுதி அச்சேறி நூலகங்களில் இருக்கிறது. மீதி அவர்களோடு போயிற்று. எப்போதாவது ஒரு சொல் தப்பிப் பிழைத்தது. காவிரிப் படுகையின் அழகான ஒரு கெண்டைக்கு ஜெர்டன் 1849-இல் வைத்த 'அருலியஸ்' என்ற பெயர், மீனவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரின் லத்தீன் வேஷம்தான்.

எறும்பையும் மீனையும் பார்த்த ஜெர்டன் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அதைச் செய்ய முயன்றவர் சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். 'தி ராட் இன் இந்தியா' என்ற அவர் புத்தகம் 1873-இல் மங்களூரில் அச்சானது. ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். மகசீர் மீன் எதைத் தின்கிறது, எப்படி மெல்லுகிறது என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். மகசீருக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் பல். நண்டையும் கொட்டையையும் அங்கே வைத்து நொறுக்கும். ஆற்றில் விழும் பழத்தையும் விடாது. ஆகவே இங்கிலாந்துப் பொய்ப்பூச்சிப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து நம் ஆற்றில் திறந்தால் வேலைக்காகாது. உள்ளூர் மீன், உள்ளூர் இரை, அதைப் பார்த்துத்தான் தூண்டில். அந்தப் புத்தகம் 1881-லும் 1897-லும் மறுபதிப்பு கண்டது.

எல்லாத் துரைகளுக்கும் இந்தப் பொறுமை இல்லை. நம்மூர் மீனைப் படிப்பதைவிடத் தங்களூர் மீனைக் கொண்டுவருவது சுலபம் என்று நினைத்தவர்கள் நீலகிரியில் ட்ரவுட் விட்டார்கள். 'இந்திய மீன்கள்' எழுதிய ஃப்ரான்சிஸ் டே 1860-களில் முயன்று தோற்றார். 1907-ஐ ஒட்டி எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் நிலைத்தது. இலங்கையிலும் நுவரெலியா ஓடைகளில் இதே கதை. தேயிலைத் தோட்டத்தில் நம் மக்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, பக்கத்து ஓடையில் துரை பொய்ப்பூச்சி வீசிக்கொண்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் துரைகளின் பெட்டியில் இருந்த மிக விலையுயர்ந்த இறகு நம் காட்டுக் கோழியுடையது. சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், அரக்குச் சொட்டு வைத்தது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி இருக்கும். விக்டோரியா காலத்து சால்மன் தூண்டில்களில் கண் மாதிரி பக்கவாட்டில் வைத்துக் கட்டுவார்கள். அதற்காகவே தென்னிந்தியக் காடுகளிலிருந்து கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1902-இல் பறவை இறகு ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கை வைக்கவே முடியாது. இப்போது பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த கோழியிலிருந்து இறகு எடுக்கிறார்கள். திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலக் காட்டில் அந்தச் சேவல் இன்றும் கூவுகிறது.

இப்போது அந்த மலை ஓடைகளுக்கே வருவோம். கபில தீர்த்தத்தில் அருவி விழுகிறது, தலக்கோனாவில் விழுகிறது. அந்த மாதிரி ஓடைக் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளில் ஒரு வரிசையைத்தான் ஆங்கிலத்தில் மேஃப்ளை என்கிறார்கள். ஃப்ளை ஃபிஷிங்கின் ராஜா அதுதான். மாதக்கணக்கில், சில வகை ஒரு வருடத்துக்கு மேலும், தண்ணீருக்குள் இளம்பூச்சியாக இருக்கும். பிறகு மேலே வந்து இறக்கை முளைக்கும். இறக்கை வந்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான். வளர்ந்ததற்கு வேலை செய்யும் வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். நம்மூரில் இதையும் ஈசல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ஈசல் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது, இது தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, சொந்தமே இல்லை.

இதை முறையாகப் படித்தவர்களில் ஒருவர் மதுரையில் பணியாற்றிய பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கல்லைப் புரட்டிப் புதிய பேரினங்களையே கண்டுபிடித்தார். 1984-இல் ஒன்றுக்குப் பீட்டர்சுலா, 1985-இல் இன்னொன்றுக்கு எட்மண்ட்சுலா என்று பெயர் வைத்தார். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களுக்கு மரியாதை. நல்ல பண்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கபிலர் ஈயலுக்குப் பெயர் சொல்லி ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் ஆன பிறகு, நம் மலைப் பூச்சிக்கு லத்தீன் பெயர் உண்டு, அதில் அமெரிக்கர் பெயர் உண்டு, ஊரார் கூப்பிடத் தமிழ்ப் பெயர் ஒன்று இல்லை.

இது வெறும் மொழிப்பற்றுப் புலம்பல் இல்லை. பெயர் இல்லாதது காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள். நான் இருக்கும் ஒஹாயோவின் வடக்கெல்லை ஈரி ஏரி (ஆமாம், ஏரியின் பெயரே ஈரி). 1950-களில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து அங்கே மேஃப்ளை ஏறக்குறைய அழிந்தபோது கரையோர மக்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஏரியில் கலக்கும் கழிவைக் குறைத்தார்கள். 1990-களில் அது திரும்பி வந்தது. இப்போது ஜூன், ஜூலையில் அவை கிளம்பும் ராத்திரி, வானிலை ரேடாரில் மழை மேகம் மாதிரி தெரியும். அந்த ரேடார் படங்களை வைத்தே 2020-இல் ஒரு ஆய்வு எச்சரித்தது: 2012-க்குப் பிறகு ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலும் மிசிசிப்பியின் மேற்பகுதியிலும் இவை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. ஒரு பூச்சி குறைகிறது என்று ஊர் முழுக்கக் கவலைப்படும் அளவுக்குப் பழக்கம் வந்ததில் தூண்டில்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சுவர்ணமுகியில் அப்படி எது குறைந்தது என்று யார் சொல்வது? வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் வந்த மாதிரி திடீரென வெள்ளமாகப் பாய்கிறது. சித்தூரில் ஓடும் நீவாவும் மழை இல்லாவிட்டால் காய்ந்த தடம்தான். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் வளர வேண்டிய பூச்சி இப்படிப்பட்ட ஆற்றில் குடித்தனம் நடத்த முடியாது. ஏரிக்கு வரும் கால்வாய் அடைபட்டால் தட்டான் முட்டையிட இடமில்லை. புற்றை இடித்து மனை போட்டு, அஸ்திவாரத்தில் கரையான் மருந்து ஊற்றினால் ஈசல் கிளம்ப வழியில்லை. ஈசல் கிளம்பாத மழையில் மீன் மேலே வந்து பார்த்து என்ன செய்யும்?

அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, மக்களே. இங்கே நம் பிள்ளைகள் கோடை முகாமில் மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்று ஓடைப் பூச்சிகளை ஒப்பிக்கிறார்கள். சந்தோஷம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, திருப்பதி தரிசனம் முடிந்த கையோடு, தாத்தா வீட்டு வாசல் விளக்கடியில் ஒரு ராத்திரி அவர்களை உட்கார வையுங்கள். ஏரிக்கரைக்கு ஒரு காலை நேரம் கூட்டிப் போங்கள். (தலக்கோனாவும் திருமலைக் காடும் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலும் கூடாது, பூச்சி பிடிப்பதும் கூடாது. கண்ணால் பார்க்கலாம்.) பார்த்த ஒவ்வொன்றையும் பாட்டியிடமும், மாடு மேய்க்கும் பெரியவரிடமும், மீன் விற்கும் அம்மாவிடமும் பெயர் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜெர்டன் செய்ததும் ரொனால்ட்ஸ் செய்ததும் இவ்வளவுதான். அவர்களிடம் இல்லாத ஒரு வசதி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பெயர் தெரிந்த பாட்டி அவர்களுக்குச் சொந்தப் பாட்டி.